யார் ஜாடை? தோற்றத்தின் மரபியல் பற்றி ஓர் எளிய விளக்கம்

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், பார்க்க வருகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்ததுமே ஜாடை பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். மூக்கு அப்படியே அப்பா. நெற்றி அம்மாவழித் தாத்தா. நிறம் அத்தையைக் கொண்டிருக்கிறது. இந்தக் கவனிப்பில் தப்பே இல்லை. தோற்றம் குடும்பத்தில் ஓடத்தான் செய்கிறது. அதற்கு அடுத்த படியில்தான் வழுக்கிவிடுகிறோம். நிறத்துக்கு ஒரு மரபணு, உயரத்துக்கு ஒரு மரபணு, ரத்தத்தைச் சோதித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பேச்சு போகிறது. வாட்ஸாப்பில் சுற்றும் செய்திகளும், எச்சிலைச் சோதித்துத் தரும் கம்பெனிகளின் விளம்பரங்களும் அதையேதான் சொல்கின்றன.

நான் மன்னார்குடிப் பக்கத்துப் பெண். உயரம், நிறம், முடி, முகம் எல்லாம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்பதை டி.என்.ஏ. தகவலையும் புள்ளியியலையும் வைத்து ஆராய்வதுதான் என் வேலை. ஊருக்கு வந்தால் உறவுக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் இவைதான்: "பையன் எவ்வளவு உயரம் வருவான்னு சொல்லிடுவியாமே?" "வழுக்கை தாய்மாமன் வழியாத்தான் வருமாமே?" "ஒரு சொட்டு ரத்தத்துல முகத்தையே வரைஞ்சிடுறாங்களாமே?" எதற்கும் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அடியிலிருந்து போகலாம்.

பிஎச்.டி. முடிந்த பிறகும் படிப்பா?

பிஎச்.டி. முடித்த பிறகும் இன்னும் படிக்கிறாயா என்றும் ஊரில் கேட்பார்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் சொந்தமாக ஆய்வுக்குழு நடத்தும் முன், இன்னொருவரின் குழுவில் சில ஆண்டுகள் ஒப்பந்தத்தில் முழுநேர ஆய்வு செய்வார்கள். இதற்கு போஸ்ட்டாக் என்று பெயர். சம்பளம் உண்டு, பரீட்சை கிடையாது. என் துறையில் இருப்பவர்கள் சோதனைக் குழாயைத் தொடுவதே அபூர்வம். ஆயிரக்கணக்கானவர்களின் டி.என்.ஏ. தகவல் கோப்புகளாக வரும். அவற்றைச் சுத்தப்படுத்துவதிலும், பிழைகளைப் பிடிப்பதிலும், கணினியில் கணக்கு ஓட்டுவதிலும், வந்த முடிவு வேறொரு கூட்டத்தாரிடமும் நிற்கிறதா என்று சரிபார்ப்பதிலும்தான் நாள் போகும்.

300 கோடி எழுத்துகளில் எங்கே வித்தியாசம்?

டி.என்.ஏ. என்பது நம் உடலின் செல்களுக்குள் இருக்கும் நீண்ட வேதி இழை. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே வேதி எழுத்துகள் மாறி மாறி வரும். மனிதனுக்கு ஒரு தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி. இந்த இழை 23 ஜோடித் துண்டுகளாக மடிந்திருக்கிறது. அந்தத் துண்டுகள்தான் குரோமோசோம்கள். இழையில் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு எழுதப்பட்டிருக்கும் பகுதி மரபணு. அப்படிப்பட்டவை நம்மிடம் ஏறக்குறைய 20,000 உண்டு.

இந்த எழுத்துகளில் மிகப் பெரும்பகுதி எல்லா மனிதர்களிடமும் ஒன்றே. ஆனால் ஒருவருடைய டி.என்.ஏ.வை ஒரு பொதுப் பிரதியோடு ஒப்பிட்டால், 40 முதல் 50 லட்சம் இடங்களில் வித்தியாசம் வரும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும் இடங்கள்: ஒருவருக்கு ஏ இருக்கும் இடத்தில் இன்னொருவருக்கு ஜி. இவற்றை மாறிடங்கள் என்று இங்கே சொல்கிறேன்.

ஒரு ஜோடிக் குரோமோசோமில் எது குழந்தைக்குப் போகும் என்பது குலுக்கல். 23 ஜோடிக்கும் சேர்த்துப் பார்த்தால், ஒரு தாயோ தகப்பனோ கொடுக்கக்கூடிய சேர்க்கைகள் சுமார் 84 லட்சம். (உயிர்களுக்கு 84 லட்சம் பிறவி வகைகள் என்று கதாகாலட்சேபத்தில் கேட்ட எண் இங்கேயும் வருவது தற்செயல்தான், ஆனால் எனக்கு அது பிடித்திருக்கிறது.) ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் எங்கோ போய்விடும். ஒரே வயிற்றில் பிறந்த அக்காவும் தங்கையும் வேறு வேறு ஜாடையில் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நெல்லின் உயரமும் ஆளின் உயரமும்

டெல்டாவில் மரபியலைச் சொல்ல நெல்லை விட்டால் வேறு வழி கிடையாது. மாப்பிள்ளைச் சம்பா நெடுநெடுவென்று வளர்ந்து, கதிர் முற்றும் நேரத்தில் மழைக்காற்று அடித்தால் சாய்ந்துவிடும். 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர். 8 குட்டையாக நின்றது, சாயவில்லை. அந்தக் குட்டைத்தன்மை தைவான் நாட்டு ரகம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் ரகசியம் ஒரே ஒரு மரபணு. பயிரை நீளச் செய்யும் ஜிப்பெரெல்லின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் வழியில் அது வருகிறது. அது கெட்டுப்போனால் ஹார்மோன் குறைந்து பயிர் குட்டையாகிவிடும்.

"உயரத்துக்கு ஒரு மரபணு" என்று பேசுகிறவர்கள் மனதில் இருப்பது இந்த மாதிரி ஒரு காட்சிதான். நெல்லில் அது உண்மை. மனிதரிலும் சில அரிய வகைக் குள்ளத்தன்மை ஒரு மரபணுவால் வருவதுண்டு. ஆனால் தெருவில் நடக்கிற நமக்குள் இருக்கும் உயர வித்தியாசம் அப்படி வருவதில்லை. 1918-இல் ரொனால்டு ஃபிஷர் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டினார். ஒவ்வொன்றும் துளி அளவுக்குப் பங்களிக்கும் பல மரபணுக் காரணிகளைக் கூட்டினால், குட்டை, நெட்டை என்று இரண்டு வகை வராது. நடுவில் நிறைய பேர், ஓரங்களில் கொஞ்சம் பேர் என்று வழவழப்பான பரவல்தான் வரும். டி.என்.ஏ.வின் வடிவமே தெரியாத காலத்தில் சொன்னது அது. அவர் சொன்னதை நேரடியாகப் பார்க்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. 2022-இல் சுமார் 54 லட்சம் பேரின் தகவலைச் சேர்த்துச் செய்த ஆய்வில், உயரத்தோடு தொடர்புள்ள 12,111 மாறிடங்கள் கிடைத்தன. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றின் விளைவும் பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கில்தான்.

இதுவரை: மனிதர்களின் டி.என்.ஏ. லட்சக்கணக்கான இடங்களில் மாறுபடுகிறது. நெல்லின் குட்டைத்தன்மை போல ஒரே மரபணு தீர்மானிக்கும் குணங்கள் உண்டு. ஆனால் நம் தோற்றத்தின் பெரும்பகுதி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பங்குகளின் கூட்டுத்தொகை.

"உயரம் 80 சதவீதம் பரம்பரை" என்றால் என்ன?

இந்தத் துறையிலேயே மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண் இதுதான். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தோன்றியது.

ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில், எவ்வளவு பங்கு அவர்களுக்குள் இருக்கும் மரபணு வித்தியாசத்தால் வருகிறது என்பதை அளக்கும் எண்ணுக்கு மரபுப்பங்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் உயரத்தின் மரபுப்பங்கு 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது. உடனே, 170 சென்டிமீட்டர் உயரமானவருக்கு 136 சென்டிமீட்டர் மரபணு கொடுத்தது, மிச்சம் சாப்பாடு கொடுத்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு தனி ஆளை அப்படிப் பங்கு பிரிக்கவே முடியாது. மரபணு இல்லாமலும் உயரம் இல்லை, சோறு இல்லாமலும் உயரம் இல்லை.

பல ரகமும் கலந்த விதை நெல் ஒரு மூட்டை இருக்கிறது. பாதியைத் தலைமடையில் கல்லணைப் பக்கம் ஒரு நல்ல வயலில் விதைக்கிறோம். மீதியைக் கடைமடையில், வேதாரண்யம் பக்கம் உப்பேறிய வயலில் விதைக்கிறோம். ஒவ்வொரு வயலுக்குள்ளும் மண், நீர், உரம் எல்லாம் ஒரே சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் தலைமடை வயலுக்குள் ஒரு பயிர் நெட்டையாகவும் பக்கத்துப் பயிர் குட்டையாகவும் இருப்பதற்கு முழுக்க விதைதான் காரணம். மரபுப்பங்கு 100 சதவீதம். கடைமடை வயலுக்குள்ளும் அதே 100 சதவீதம். ஆனால் கடைமடை வயல் மொத்தமாகவே குட்டையாக நிற்கிறதே, அதற்குக் காரணம் விதையா? இல்லை. விதை ஒரே மூட்டையிலிருந்து வந்தது. அந்த வித்தியாசம் முழுக்க மண்ணும் நீரும். அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் 1970-இல் மக்காச்சோள விதையை வைத்துச் சொன்ன வாதம் இது. நம் ஊருக்காக நெல்லாக மாற்றிக்கொண்டேன்.

இதிலிருந்து தெரிவது: மரபுப்பங்கு எவ்வளவு அதிகமாக இருந்தாலும், இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு மரபணுதான் காரணம் என்று ஆகாது. சூழல் மாறினால் உயரம் மாறாது என்றும் ஆகாது. 1896-இல் பிறந்த தென்கொரியப் பெண்களையும் 1996-இல் பிறந்தவர்களையும் ஒப்பிட்டால் சராசரி உயரம் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. நூறு வருடத்தில் ஒரு நாட்டின் டி.என்.ஏ. அப்படி மாறிவிட வழியில்லை. மாறியது சாப்பாடும் சுகாதாரமும். "எங்க வம்சமே குட்டைதான்" என்று சத்துக்குறைவை மூடி மறைக்கும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வருகிறது.

தொடர்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆயிரக்கணக்கான பேரை எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொருவரின் உயரத்தையும் அளக்கிறோம், டி.என்.ஏ.வில் லட்சக்கணக்கான மாறிடங்களில் என்ன எழுத்து என்று டி.என்.ஏ. சிப் என்ற சிறு தகடு மூலம் படிக்கிறோம். அப்புறம் ஒவ்வொரு இடமாக ஒரே கேள்வி: இங்கே ஏ வைத்திருப்பவர்கள் ஜி வைத்திருப்பவர்களைவிடச் சராசரியாக உயரமா? இப்படி டி.என்.ஏ. முழுவதும் சல்லடை போடும் முறையை ஜீவாஸ் (GWAS) என்பார்கள்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சாதாரண ஆய்வுகளில், வெறும் அதிர்ஷ்டத்தால் இருபதில் ஒரு முறைதான் இப்படி ஒரு முடிவு வரும் என்றால் ஏற்றுக்கொள்வது வழக்கம். பத்து லட்சம் இடங்களைச் சோதித்தால் அந்த வழக்கப்படி 50,000 பொய்த் தொடர்புகள் வந்து குவியும். அதனால் இங்கே வாசற்படியை மிக உயர்த்தி வைத்திருக்கிறோம்: அதிர்ஷ்டத்தால் வரும் வாய்ப்பு இரண்டு கோடியில் ஒன்றுக்குக் கீழே இருந்தால்தான் உள்ளே விடுவோம். இவ்வளவு பெரிய கூட்டம் ஏன் தேவை என்பதற்கும் இதுதான் காரணம். சின்ன விளைவுகள் அந்தப் படியைத் தாண்ட ஆள் பலம் வேண்டும்.

தாய்மாமன் வழுக்கைக்கு வருவோம். அந்த நம்பிக்கையில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆண்களின் வழுக்கையோடு மிக வலுவான தொடர்புள்ள மரபணு, ஆண் ஹார்மோனை உணரும் ஆன்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு, எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டும்தான். ஆனால் 2017-இல் பிரிட்டனில் 52,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், வழுக்கையோடு தொடர்புள்ள 287 இடங்கள் கிடைத்தன. எக்ஸில் இருந்தவை 40 மட்டுமே. மற்றவை அப்பா, அம்மா இருவர் வழியாகவும் வருகிறவை. எக்ஸையே எடுத்துக்கொண்டாலும், மருமான் தாய்மாமனோடு பகிர்ந்துகொள்வது சராசரியாகக் கால் பங்கு. அம்மாவைப் பெற்ற தாத்தாவோடு அரைப் பங்கு. ஆக, பழியைத் தாய்மாமன் மேல் போடுவதைவிடத் தாத்தா மேல் போடுவது நியாயம். அப்பாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பொய்த் தொடர்பு பிறக்கும் இடம்

என் வேலை நேரத்தின் பெரும்பகுதி போவது இங்கேதான். ஓர் ஊரில் இரண்டு கூட்டத்தார் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்துக்குப் பாலும் முட்டையும் பள்ளிக்கூடமும் கிடைத்தன, இன்னொரு கூட்டத்துக்குக் கிடைக்கவில்லை. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரோடு கல்யாணம் செய்துகொள்வதும் இல்லை. அப்படியானால், உயரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மாறிடங்கள்கூட இரண்டு கூட்டத்திலும் வேறு வேறு அளவில் இருக்கும். இருவரையும் ஒரே ஆய்வில் கலந்தால், அந்த இடங்கள் எல்லாம் "உயரத்துக்கான மரபணு" என்று வேஷம் போட்டுக்கொண்டு வரும். பசியும் பள்ளிக்கூடமும் செய்த வேலை டி.என்.ஏ. கணக்கில் ஏறிவிடும். கூட்டக்கலப்புப் பிழை என்று இதைச் சொல்லலாம்.

இந்தியாவில் இது வெறும் கற்பனை இல்லை. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை மக்கள் பெருமளவில் கலந்தார்கள், அதற்குப் பிறகு தங்கள் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது என்று டி.என்.ஏ. சான்றோடு காட்டியது. அதோடு நம் பக்கம் அத்தை மகள், மாமன் மகன், அக்கா மகள் உறவில் கல்யாணம் வேறு. ஆய்வில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தம் இல்லை என்று எடுத்துக்கொள்ளும் சாதாரணக் கணக்கு இங்கே உடைந்துபோகும். உறவின் அளவையும் உள்ளே வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பிழை எவ்வளவு நுட்பமாக ஒளிந்திருக்கும் என்பதற்கு ஒரு சம்பவம். இயற்கைத் தேர்வு வட ஐரோப்பியர்களைத் தென் ஐரோப்பியர்களைவிட உயரமாக்கியது என்று சில ஆண்டுகள் ஆதாரத்தோடு பேசப்பட்டது. 2019-இல் இரண்டு குழுக்கள், ஐந்து லட்சம் பேரின் உடல், டி.என்.ஏ. தகவலைச் சேர்த்து வைத்திருக்கும் பிரிட்டனின் யுகே பயோபேங்க் களஞ்சியத்தை வைத்து அதே கணக்கைத் திரும்பப் போட்டன. அந்த ஆதாரம் வெகுவாகத் தேய்ந்துபோனது. முந்தைய ஆய்வுகளின் தகவல் தொகுப்பில், பார்வைக்கே தெரியாத அளவில் ஒவ்வொரு இடத்திலும் ஒட்டியிருந்த கூட்டக்கலப்புப் பிழை, ஆயிரம் இடங்களைக் கூட்டும்போது ஒரு பெரிய கதையாகிவிட்டிருந்தது.

இதற்கு இருக்கும் மிக நல்ல மருந்து உடன்பிறப்புகளை ஒப்பிடுவது. அண்ணனுக்கு ஏ, தம்பிக்கு ஜி என்பது குலுக்கலில் வந்தது. வீடு, சாதி, சாப்பாடு இருவருக்கும் பொதுவானவை. அங்கேயும் தொடர்பு நின்றால் நம்பலாம்.

இதுவரை: மரபுப்பங்கு என்பது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய எண், தனி ஆளைப் பற்றியது இல்லை. ஜீவாஸ் மாறிடங்களைச் சல்லடை போட்டுத் தேடும். கூட்டக்கலப்புப் பிழையைச் சரிசெய்யாமல் அதன் முடிவை எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிறம்

குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்காது. இதை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிப் பெண்கள் மேல் நிறத்தின் பேரில் விழும் பாரம் எனக்குத் தாங்கவில்லை.

தோலின் நிறம் மெலனின் என்ற நிறமியால் வருகிறது. அதைச் செய்யும் செல்கள் எல்லா மனிதரிடமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் நிறமிப் பொட்டலங்களின் அளவும் வகையும் பரவலும்தான் மாறுகின்றன. 2005-இல் வரிக்குதிரை மீன் என்ற சின்ன மீனில், வெளிறிய நிறத்துக்குக் காரணமான மரபணுவைத் தேடியவர்கள் எஸ்.எல்.சி.24ஏ5 என்ற மரபணுவை வந்தடைந்தார்கள். மனிதரிடம் அதன் ஓர் எழுத்து மாறினால் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறுகிறது, தோல் வெளுக்கிறது.

2013-இல், ஹைதராபாதின் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வகத்தினரும் இருந்த குழு ஒன்று தென்னிந்தியர் 1,228 பேரிடம் நிறத்தைக் கருவியால் அளந்து பார்த்தது. அவர்களுக்குள் இருந்த நிற வித்தியாசத்தில் சுமார் 27 சதவீதத்தை இந்த ஒரே மாறிடம் விளக்கியது. உயரத்தோடு ஒப்பிட்டால் ஓர் இடத்துக்கு இது மிகப் பெரிய பங்கு. ஆனாலும் முக்கால்வாசி வித்தியாசம் வேறு மரபணுக்களிலும் வெயிலிலும் இருக்கிறது. நடவு வயலில் நாள் முழுக்க நிற்பவரின் முகத்தை வைத்து மரபணுவைப் பற்றிப் பேச முடியாது. அதனால்தான் இத்தகைய ஆய்வுகளில் வெயில் படாத மேற்கையின் உட்பக்கத்தில் அளப்பது வழக்கம். இந்த வெளிர்நிற எழுத்து ஐரோப்பியரிடமும் நம்மிடமும் ஒரே மூலத்திலிருந்து வந்தது, அதன் வயது 22,000 முதல் 28,000 ஆண்டுகள் என்றும் அந்த ஆய்வு கணித்தது. அது துணைக்கண்டம் முழுக்க, மொழி, சாதி எல்லாம் தாண்டி வேறு வேறு அளவில் பரவியிருக்கிறது. ஒரே குடும்பத்தில் மாநிறமும் சிவப்பும் கறுப்பும் பிறப்பது இதனால்தான். நிறத்தை வைத்து யாருடைய வம்சத்தையும் யாரும் அளக்க முடியாது.

ரத்தத்திலிருந்து முகம் வரையலாமா?

முகத்தை முப்பரிமாணப் படமாக எடுத்து, மூக்கு நுனி, கண் ஓரம், தாடை என்று புள்ளிகள் வைத்து, தூரங்களையும் வடிவங்களையும் எண்ணாக மாற்றி அதே ஜீவாஸ் சல்லடையில் போடுவார்கள். 2016-இல் பிரேசில், சிலி, கொலம்பியா, மெக்சிகோ, பெரு ஆகிய ஐந்து நாட்டு மக்களிடம் செய்த ஆய்வில் மூக்கின் அகலத்தோடும் கூர்மையோடும் தொடர்புள்ள சில மரபணுக்கள் கிடைத்தன. அதே கூட்டத்தாரிடம்தான் முடி நரைப்பதோடு தொடர்புள்ள ஐ.ஆர்.எஃப்.4 என்ற மரபணுவும் தெரியவந்தது. 2021-இல் 8,246 பேரிடம் செய்த இன்னோர் ஆய்வு, முகவடிவத்தோடு தொடர்புள்ள 203 இடங்களைக் காட்டியது. எல்லாம் நல்ல முன்னேற்றம். ஆனால் இவை ஒவ்வொன்றும் மூக்கை ஒரு நூல் அளவுக்கு அசைப்பவை. அவற்றைக் கூட்டி ஒரு தனி முகத்தை வரைந்தால் வருவது அந்த வம்சாவளியின் சராசரி முகம், அந்த ஆளின் முகம் இல்லை.

குற்ற வழக்குகளுக்காக, 41 மாறிடங்களை வைத்துக் கண், முடி, தோல் நிறத்தைக் கணிக்கும் ஒரு முறை இருக்கிறது. நீலக்கண், பழுப்புக்கண் கலந்து வாழும் ஐரோப்பாவில் அதனால் பயன் உண்டு. இங்கே? "கறுப்பு முடி, பழுப்புக் கண்" என்று சோதனை சொன்னால், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அத்தனை பேரும் சந்தேகத்துக்கு உரியவர்கள்.

கணக்கு யாருடையது?

ஒருவருடைய மாறிடங்களின் சின்னப் பங்குகளையெல்லாம் கூட்டி ஒரே மதிப்பெண் தருவதைக் கூட்டுமதிப்பெண் என்பார்கள். விளம்பரங்கள் விற்பது இதைத்தான். உலகில் நடந்த ஜீவாஸ் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் முக்கால் பங்குக்கு மேல் ஐரோப்பிய வம்சாவளியினர். முன்னே சொன்ன 12,111 இடங்கள், ஐரோப்பிய வம்சாவளியினரிடம் உயர வித்தியாசத்தில் சுமார் 40 சதவீதத்தை விளக்கின. மற்றவர்களிடம் அது 10 முதல் 20 சதவீதமாகச் சுருங்கியது. அங்கே தைத்த சட்டை இங்கே பொருந்தவில்லை. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் டி.என்.ஏ. படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது நல்ல தொடக்கம். உயரம் போன்ற குணத்துக்கு அதுபோலப் பல மடங்கு வேண்டும்.

அப்போ பையன் எவ்வளவு உயரம் வருவான்?

காசு கொடுத்து எச்சிலை அனுப்ப வேண்டாம். குழந்தை மருத்துவர்கள் வெகு காலமாகப் பயன்படுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. அப்பா, அம்மா உயரத்தை சென்டிமீட்டரில் கூட்டுங்கள். பையன் என்றால் 13 சேருங்கள், பெண் என்றால் 13 கழியுங்கள். பிறகு இரண்டால் வகுங்கள். அப்பா 168, அம்மா 155 என்றால் பையனுக்கு 168, பெண்ணுக்கு 155. இருபக்கமும் சுமார் 8 சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். அம்மாவும் அப்பாவும் சிறுவயதில் சரியான சாப்பாடு இல்லாமல் வளர்ந்தவர்கள் என்றால் பிள்ளை இதைத் தாண்டவும் செய்யும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுவரில் நிறுத்தி அளந்து, தேதி போட்டுக் குறித்து வையுங்கள். ஐந்து வயதுக்கும் பருவம் அடைவதற்கும் நடுவில் வருடத்துக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தால், அந்தக் குறிப்போடு குழந்தை மருத்துவரைப் போய்ப் பாருங்கள். தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, குடல் நோய் என்று மருந்து கொடுத்துச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கலாம். அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் பலன்.